தர்பாரை விட்டு வந்தவர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், மறைமலை நகர் தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோவில் நிலையம் வரும். வேலைக்காகப் பல ஆண்டுகளாக அந்தத் தடத்தில் போய் வருகிறேன். கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் பெரும் பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கான் உயிர் பிரிந்தது அந்த நிலையத்தில்தான் என்பதை மிகத் தாமதமாகவே அறிந்துகொண்டேன். 1937 அக்டோபர் 27 அன்று, சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தவருக்கு வழியில் நெஞ்சு வலித்தது. அங்கே இறங்கி நடைமேடையில் விரிப்பை விரித்துத் தொழுதார் என்றும், பிறகு தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொல்லித் தர்பாரி ராகத்தில் இறைவனை நினைத்துப் பாடியபடியே கண்மூடினார் என்றும் சீடர்கள் வழியாக வந்த செய்தி கூறுகிறது.

தர்பாரி என்றாலே அரசவை ராகம். அக்பரின் அவையில் தான்சேன் உருவாக்கியதாக மரபு சொல்லும் ராகம் அது; நம் கர்நாடக இசை மேடைகளில் துக்கடாவாகப் பாடப்படும் தர்பாரி கானடா அதன் வழி வந்ததே தவிர, நம்முடைய தர்பார் ராகம் வேறு. அரசவை வேலையை இளம் வயதிலேயே உதறிவிட்டு வந்த ஒருவர், கடைசி மூச்சில் அரசவையின் ராகத்தைப் பாடியிருக்கிறார். அந்த நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

“அந்தக் காலத்தில் மன்னர்கள் இருந்தார்கள், கலைஞர்கள் கவலையின்றி வாழ்ந்தார்கள்” என்று இசை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வதைக் கேட்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அரசவைக் கலைஞர் என்பது, பட்டமும் சால்வையும் போர்த்தப்பட்டிருந்தாலும், அடிப்படையில் ஒரு சம்பள வேலை. அதுவும் எஜமானரின் விருப்பத்தைத் தவிர வேறு எந்தப் பிடிமானமும் இல்லாத வேலை. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது அந்தக் கலைஞர்களுக்கே நாம் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

இன்று குஜராத்தில் வடோதரா எனப்படும் பரோடாவையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் ஆட்சியில் இந்தியாவின் முன்னேறிய சமஸ்தானங்களில் ஒன்றாக இருந்த அங்கே, பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஆடுபவர்களும் ‘கலாவந்த் காரகானா’ என்ற துறையின் கீழ் இருந்தார்கள். மராட்டிய அரசுமுறையில் பதினெட்டுக் காரகானாக்கள் என்று ஒரு வழக்கு உண்டு. யானைக் கொட்டிலும் மடைப்பள்ளியும் எப்படி ஒரு காரகானாவோ, அப்படித்தான் இசையும் அரண்மனைக் கணக்கில் ஒரு பிரிவாக இருந்தது. 1880-இல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண் லட்சுமிபாய் சயாஜிராவை மணந்து சிம்னாபாய் என்ற பெயரோடு பரோடாவுக்குப் போனபோது, சீர்வரிசையோடு தஞ்சாவூர் ஆடல் மகளிரும் நட்டுவனார்களும் அனுப்பப்பட்டார்கள். கௌரா, காந்திமதி என்ற அந்தப் பெண்களும் அதே காரகானாவில்தான் சேர்ந்தார்கள். பாத்திரம் பண்டத்தோடு மனிதர்களையும் சீராக அனுப்பியதை ‘கலைப் போஷகம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பரோடாவுக்குத்தான் 1890-களில் கைரானா என்ற ஊரிலிருந்து இளைஞர் அப்துல் கரீம் தம் சகோதரர் அப்துல் ஹக்குடன் வந்து, சேர்ந்து பாடி, அரசவைப் பாடகரானார். அங்கே ராஜமாதாவின் உறவினரான சர்தார் மாருதிராவ் மானேயின் மகள் தாராபாய்க்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவையில் உட்கார்ந்து அரச குடும்பத்தையே கண்கலங்க வைக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்ணை மணக்க முடியாது என்பதுதான் அரசவைக் கலைஞரின் இடம். இருவரும் பரோடாவை விட்டு வெளியேறிப் பம்பாய்க்குப் போனார்கள். வேலையும் போனது, ஊரும் போனது. பின்னாளில் 1922-இல் தாராபாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவரைப் பிரிந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்துல் கரீம் கானை நான் குறையில்லாத மனிதராகக் காட்ட வரவில்லை.

மற்றவர்கள் கதையும் வேறில்லை. ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவை உருவாக்கிய அல்லாதியா கான், அம்லேடா என்ற சிறிய சமஸ்தானத்தில் இருந்தபோது ஓயாமல் பாடிப் பாடிக் குரலையே இழந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரால் சரியாகப் பாட முடியவில்லை. மீண்டு வந்த குரலில் பழைய இனிமை இல்லாததால், லயத்தின் நுட்பங்களையும் அரிய ராகங்களையும் கொண்டு புதிய பாணியையே கட்டினார். அந்தப் பாணியை இன்று நாம் வியக்கிறோம். அதற்கு ஒரு தொண்டை விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். பின்னர் கோலாப்பூரில் சாகு மகாராஜாவிடம் மதிப்போடு இருந்தார். 1922-இல் மகாராஜா இறந்ததும், அறுபதைக் கடந்த வயதில், பம்பாய்க்குப் போய் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒருவர் உயிரோடு இருக்கும் வரைதான் இன்னொருவருக்குச் சோறு என்ற ஏற்பாட்டைப் பொற்காலம் என்று எப்படிச் சொல்வது?

அரசவை கொடுத்ததையும் நான் மறுக்கவில்லை. விளம்பிதம் என்ற மெதுவான காலத்தில், கியால் என்ற பாட்டு வகையில் ஒன்றை ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் பொறுமை, அடுப்பு எரியுமா என்ற கவலையோடு விடியற்காலைச் சாதகப் பயிற்சிக்கு உட்காருபவருக்கு எளிதில் வராது. ஆக்ரா கரானாவின் ஃபையாஸ் கான் பரோடாவிலேயே இருந்து, கடைசிவரை அந்த ஊரோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்டு, 1950-இல் அங்கேயே மறைந்தார். அவருக்கு அந்த வாழ்க்கை பொருந்தியது. அப்துல் கரீம் கானுக்கும் மைசூர் அவையின் அழைப்புகள்தாம் கர்நாடக இசையின் கதவைத் திறந்தன. ஆனால் மைசூருக்கு அவர் போனது விருந்தினராக. பாடினார், கேட்டார், தம் ஊருக்குத் திரும்பினார். இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளியே வந்தபின் அவர் செய்தவற்றைப் பாருங்கள். 1913-இல் பூனாவில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கினார். கரானாக்காரர்கள் தங்கள் வித்தையைச் சொந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போகவிடத் தயங்கிய காலம் அது. அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். சவாய் கந்தர்வரின் சீடர்கள் கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும். அப்துல் கரீம் கானின் மகள் ஹீராபாய், தம் குடும்பம் விட்டு வந்த ஊரின் பெயரையே தாங்கி ஹீராபாய் பரோடேகர் ஆனார். குலப் பெண்கள் மேடையேறத் தயங்கிய நாளில், டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள் முன் அவர் பாடினார்.

இசைத்தட்டுகள் தனிக் கதை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். பைரவியில் அவர் பாடிய தும்ரி என்ற மெல்லிசைப் பாட்டை இரவில் ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும்: ஊசியின் இரைச்சலுக்குள்ளிருந்து தம்பூரா ஒலி, அதன் மேல் மெலிந்து உயர்ந்த ஒரு குரல், எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் சட்ஜத்தில் வந்து கரையும். கரகரப்பிரியாவில் தியாகராஜர் கிருதி ஒன்றையும் தட்டில் பதிந்திருக்கிறார். உச்சரிப்பு நம் காதுக்கு அந்நியமாக இருந்தாலும், ஒவ்வொரு சுரத்தையும் அவர் தொடும் பணிவு கேட்டவுடன் புரிகிறது. இவையெல்லாம் எந்த மன்னரின் அனுமதியும் இல்லாமல், தட்டு வாங்க முடிந்த எவருக்கும், அடுத்த வீட்டில் ஒலிப்பதை நின்று கேட்டவருக்கும் போய்ச் சேர்ந்தன.

அவருடைய உடலை மகாராஷ்டிரத்தின் மிரஜுக்குக் கொண்டுபோய், அவர் நேசித்த தர்காவின் அருகே அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் தர்காவின் உரூஸ் விழாவின்போது இசைக்கலைஞர்கள் அங்கே கூடி அவர் நினைவாகப் பாடுகிறார்கள். சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்திலோ, நான் பார்த்தவரையில் அவர் பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு சிறிய பலகை போதும். பட்டங்களோ மன்னர்களின் பெயர்களோ அதில் வேண்டாம். அப்துல் கரீம் கான், பாடகர், இங்கே கடைசியாகப் பாடினார் என்று தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் எழுதினால் போதும்.