அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்

காரைக்குடியில் 22 ஆண்டுகளாகக் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை எழுத இன்றுதான் மனம் துணிந்தது.

இளங்கலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் தயாரிப்பைப் பற்றி புராஜெக்ட் எழுதியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். புராஜெக்டோ ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ‘82 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது’ என்றது மென்பொருள். துறைக் கூட்டத்தில் அந்த எண்ணை வாசித்தார்கள், நிராகரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

மறுநாள் என்னைத் தேடி வந்தாள். “ஐயா, என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே” என்றாள். கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, இதழ் இதழாகச் சாயக் குழம்பை ஊற்றுவதைச் சொன்னாள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூ கலங்கிவிடுமாம். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை பூசி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியில் படிந்து கிடந்ததால் வருவது என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இத்தனைக்கும் அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். குறிப்பேட்டைக் காட்டினாள். ஓரமெல்லாம் சிமெண்ட் கறை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியதாக முத்திரை குத்தப்பட்டன. தெரிந்த சில சொற்களை வைத்து எளிமையாக எழுதினால் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ்வழிப் பிள்ளைகள் வேறெப்படி எழுதுவார்கள்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அவளுடைய புராஜெக்டை நிராகரித்த அதே ஆண்டு இன்னொரு மாணவனின் புராஜெக்ட் தடையின்றித் தேறியது. எந்த ஊரில் கணக்கெடுத்தாய் என்று கேட்டேன். அந்த மாணவனுக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் இதே ஓட்டைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை பிறர் எழுத்தோடு 10 சதவீத ஒப்புமை வரை பொறுத்துக்கொள்கிறது. அது வெட்டி ஒட்டுபவர்களைப் பிடிக்கப் போட்ட விதி. இயந்திரம் வாக்கியத்தைப் புதிதாகவே எழுதித் தருகிறது, ஒப்புமை எங்கிருந்து வரும்? காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருபவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள். அப்போதும் நாம் சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. இங்கே எழுதிய உண்டியலுக்கு, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கு, ரங்கூனில் பணம் கொடுத்த காலம் அது. காகிதத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கவில்லை. எழுதிய ஆளை, அவர் கையெழுத்தை, அவர் குடும்பத்தை அறிந்திருந்தார்கள். நாம் மூன்றாண்டு பாடம் நடத்திய பிள்ளையை அறியாமல் மென்பொருளிடம் சான்று கேட்கிறோம். எனக்குக் கோபமெல்லாம் இதில்தான்.

திருடுபவனை விட்டுவிடச் சொல்லவில்லை. நேரில் உட்காரவைத்துக் கேளுங்கள் என்கிறேன். தமிழில் பதில் சொல்ல விடுங்கள். குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். 60 மாணவர்களுக்கு ஆளுக்கு அரை மணி என்றாலும் 30 மணி நேரம்தான். ஒரு பருவத்தில் இந்த நேரம் நமக்கு இல்லையா?

அந்தப் பெண்ணுக்கு மறுபடி வாய்மொழித் தேர்வு வைத்தோம், தேறினாள். இப்போது முதுகலை படிக்கிறாள். போன மாதம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் தேதியோடு கைபேசியில் படம் எடுத்து வைக்கிறாளாம். “யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே ஐயா” என்றாள்.