வாரண்டி அங்கே, ரிவால்வர் இங்கே

அந்தக் கம்பெனியின் ரிவால்வரை இனி யாருக்கும் சிபாரிசு செய்வதாக இல்லை. பெயரை எழுதப் போவதில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் சுடுதளத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தானாகவே புரியும். ஒரு துப்பாக்கி கோளாறாக வந்தால் வாங்கியவர் நேரம் சரியில்லை என்று விட்டுவிடலாம். ஒரே மாடலில், வேறு வேறு வருடத் தயாரிப்பில், அதே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தால்? தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனையை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

"எல்லாக் கம்பெனியிலும் தப்பு நடக்கும்" என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. நடக்கும்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 586, 686 மாடல்களில் சில வகைத் தோட்டாக்களைச் சுட்டால், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பின்பக்கம் பிதுங்கி, அதை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் வரும் துளைக்குள் ஏறி, தோட்டா அறைகள் இருக்கும் சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொண்டது. 1987-இல் அவர்களே அறிவித்து, பாகத்தை மாற்றி, மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்' என்று முத்திரை அடித்துக் கொடுத்தார்கள். பழைய 686 வாங்குகிறவர் இன்றைக்கும் சிலிண்டரைத் திறந்து முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான். ரூகர் 1953 முதல் 1972 வரை செய்த, ஒவ்வொரு முறையும் ஹாமரை (அடிக்கும் சுத்தியலை) கையால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், ஹாமருக்குக் கீழே குண்டு இருக்கும்போது துப்பாக்கி கை தவறி விழுந்தால் வெடிக்கும் ஆபத்து இருந்தது. அதற்கு, விசையை (டிரிகர்) இழுத்தால் மட்டும் ஹாமரின் அடியைக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பாரை இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்களையும் உரியவரிடமே கொடுக்கிறார்கள். தப்பை ஒத்துக்கொண்டு திருத்துகிற கம்பெனி மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும். நான் சொல்கிற கம்பெனி திருத்திய மாடல் என்று புதுப் பெயர் வைத்து அதே கோளாறை அனுப்புகிறது.

என்ன கோளாறு? முதலாவது, கோணல் குழல். ரிவால்வர் குழலை ஃபிரேமில் மரை ஏற்றி முறுக்குவார்கள். முறுக்கி முடிக்கும்போது, குறி பார்க்கும் முள்ளான முன் சைட் நேர் உச்சியில் வந்து நிற்க வேண்டும். குழலின் தோள்பட்டையைக் கடைந்ததில் இம்மி பிசகினாலும் சைட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். இரண்டு டிகிரி சாய்வுதானே என்று தோன்றும். சைட்டின் நுனி குழல் மையத்திலிருந்து 16 மி.மீ. உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வு நுனியை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே நகர்த்துகிறது. நான்கு அங்குல ரிவால்வரில் இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 150 மி.மீ. இடைவெளி. ஆக, அரை மில்லிமீட்டர் விலகல் 25 மீட்டரில் 83 மி.மீ. ஆகிவிடும். சென்டர் ஃபயர் போட்டி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 50 மி.மீ.தான். கையில் ஒரு தப்பும் இல்லாமல் நடுவில் விழ வேண்டிய குண்டு ஏழில் விழும். பின் சைட்டைத் திருகிச் சரிக்கட்டலாம். ஆனால் நிலையான சைட் உள்ள .38 வகை ரிவால்வரில் திருக எதுவும் இல்லை.

இரண்டாவது, டைமிங். ஆபத்தானது இதுதான். ஹாமரை இழுக்கும்போது 'ஹேண்ட்' என்ற சிறு நெம்பு சிலிண்டரின் பின்னால் இருக்கும் பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. சிலிண்டர் சுழன்று, கீழிருந்து ஸ்டாப் எழுந்து பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. ஹாமர் முழுதாகப் பின்னால் போவதற்குள் அந்தப் பூட்டு விழுந்தாக வேண்டும். ஹேண்ட் குட்டையாக இருந்தாலோ, ஆறு பற்களில் ஒன்று குறைவாக வெட்டப்பட்டிருந்தாலோ, அந்த அறை மட்டும் குழலோடு நேராக வராது. குண்டு குழல் வாயின் ஓரத்தில் உரசி, ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். சுடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து லேனில் நிற்கிறவர் கன்னத்தைத் தடவுவார். சந்தேகம் இருந்தால் சுட்ட கேஸ்களை (காலித் தோட்டா உறைகளை), எந்த அறையில் எது என்று குறித்து வைத்துப் பாருங்கள். பிரைமரில் பள்ளம் நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்திருக்கும். எப்போதும் அதே அறையில்.

மூன்றாவது, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுவது. இதற்கு அளவுதான் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

பாகங்களை அச்சில் செய்வதால்தான் இப்படி என்று பலர் எம்ஐஎம் (மெட்டல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்) முறையைத் திட்டுகிறார்கள். உலோகத் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் ஏற்றிச் சூளையில் வைத்தால், பாகம் நீளத்தில் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்காகக் கட்டுப்படுத்துகிறவர்கள் அருமையான ஹாமரும் விசையும் செய்கிறார்கள். எம்ஐஎம் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முன்பு ஒரு ஃபிட்டர் ஹேண்டை அரம் போட்டு, ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்த்து உட்கார வைப்பார். பாகம் அச்சிலிருந்தே சரியாக வந்துவிடும் என்று அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். பாகமோ சரியாக வரவில்லை.

"லைஃப்டைம் வாரண்டி இருக்கிறதே" என்பார்கள். அமெரிக்காவில் இருக்கிறவருக்கு அது வாரண்டி. போன் போட்டால் கூரியர் லேபிள் வரும், பெட்டியில் போட்டு அனுப்பினால் சில வாரத்தில் திரும்பி வரும். மலேசியாவில் நமக்கு? சுடுகருவிகள் சட்டம் 1960-இன்படி வைத்திருக்க லைசென்ஸ், நாட்டை விட்டு அனுப்ப அனுமதி, திரும்பக் கொண்டுவர இன்னொரு அனுமதி. குழலையோ ஃபிரேமையோ மாற்ற வேண்டி வந்தால் பேப்பர் வேலை இன்னும் கூடும். பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும் என்பதால், யூடியூப்பைப் பார்த்து வீட்டில் அரத்தை எடுக்கிற யோசனையே வேண்டாம். ஆகவே கோலாலம்பூரில் இருக்கிறவருக்கு ஒரு பிராண்டின் தரம் என்பது பெட்டியைத் திறந்த அன்றைக்குத் துப்பாக்கி எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான். போட்டிக்காரருக்குப் புள்ளி போகும். மஸ்ஜித் இந்தியா நகைக்கடை வாசலில் .38-ஐ இடுப்பில் வைத்து நிற்கிற காவலருக்குப் போவது புள்ளி இல்லை.

எந்த பிராண்டாக இருந்தாலும், லைசென்ஸில் சீரியல் எண் ஏறுவதற்கு முன்னால், டீலர் கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, டீலரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பெருவிரலால் சிலிண்டரை லேசாகப் பிடித்து, உராய்வு கொடுத்தபடி ஹாமரை மெதுவாக இழுங்கள். ஸ்டாப் விழும் 'டிக்' முதலில், ஹாமர் நிற்கும் 'டிக்' பிறகு. ஆறு அறைக்கும். ஒன்றில் பிந்தினாலும் வேண்டாம். ஹாமர் பின்னால் நிற்கும்போது பெருவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள், விலைக்குறைப்பு பேசாதீர்கள்.

அடுத்து ஃபீலர் கேஜ். மோட்டார் சைக்கிள் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, அதே தகடுகள்தான். குழலுக்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.25 தகடு நுழைந்தால் வேகமும் போகும், தீப்பொறியும் கூடும். 0.05-க்கும் கீழே என்றால் கொஞ்சம் சுட்டுச் சூடானதும் உரசி நின்றுவிடும். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு அளவு, முன்னால் தள்ளி ஒரு அளவு எடுங்கள்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் 0.05 வரை பொறுக்கலாம். 0.10 என்றால் வாங்கும்போதே தேய்ந்த துப்பாக்கி.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாப் புகாரையும் கம்பெனி தலையில் போடக் கூடாது. சிலிண்டர் திடீரென்று இறுகினால் முதலில், காலி உறைகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸைத் தள்ளும்போது குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் இது வராது. சிலிண்டர் திறக்கவே மறுத்தால், அந்த நட்சத்திரத்தைத் தள்ளும் கம்பியான எஜெக்டர் ராட் தளர்ந்து நீண்டிருக்கலாம். ஸ்மித் வகைகளில் 1960-களிலிருந்தே அதற்கு இடது மரை. தெரியாமல் வலது பக்கம் முறுக்கி இன்னும் கழற்றிவிடுகிறவர்கள் நிறைய. பிரைமரில் அடி லேசாக விழுந்தால் கைப்பிடி முன்புறத்தில் இருக்கும், ஹாமர் ஸ்பிரிங்கை அழுத்தும் ஸ்ட்ரெய்ன் ஸ்குரூ முழுதாக இறுகியிருக்கிறதா பாருங்கள். விசை இலேசாக வேண்டும் என்று யாராவது அதைத் தளர்த்தி வைத்திருப்பார்கள், பழி பிராண்டுக்குப் போகும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்தக் கம்பெனிப் பெட்டியில் மூன்றில் ஒன்று தேறாமல் போனால் எப்படி வாங்கச் சொல்வது? இப்போது யார் கேட்டாலும், நன்றாகப் பராமரித்த பழைய .38 ஒன்றை, மேலே சொன்னதை எல்லாம் சோதித்துவிட்டு, உரிமை மாற்றத்துக்கு அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். புதுசுதான் வேண்டும் என்றால், சோதனையில் தேறாவிட்டால் வேறு ஒன்றை எடுத்துத் தருவதாக டீலரிடம் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். எழுதித் தர யோசிக்கிற டீலருக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.