பெட்டியில் அருவி, வாரண்டி அட்டையில் மறுப்பு

என் தம்பி ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறான். பச்சைத் தோல் வந்து இறங்கும் பகுதியில் வேலை. அழுகாமல் இருக்க உப்புத் தடவி அடுக்கிய தோல்களை உதறி, டிரம்மில் போட்டு ஊறவைப்பார்கள். தரை முழுக்க உப்புத் தண்ணீர். அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளில் நான்கு போன்களைப் பறிகொடுத்தான். "இனிமேல் ஒரே போன்தான் அக்கா, அது கெட்டியான போனாக இருக்கட்டும்" என்று சொல்லி, தீபாவளி போனஸில் 19,000 ரூபாய் கொடுத்து ஒரு 'ரக்டு' வகை போன் வாங்கினான். பெட்டியின் மேல் ஒருவன் அருவிக்கு அடியில் நின்றபடி போன் பேசுகிற படம். பக்கவாட்டில், தூசியும் தண்ணீரும் அடியும் தாங்கும் என்பதற்கு மூன்று முத்திரைகள்: ஐபி 68, ஐபி 69கே, மில்-எஸ்டிடி-810எச்.

ஏழாவது மாதம் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு எடுத்து வந்தான். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. டார்ச் அடித்து, சார்ஜ் செய்யும் துளையை அதன் வழியாகப் பார்த்தேன். துளையை மூடும் ரப்பர் மூடியின் ஓர் ஓரம் நகம் வெட்டிப்போட்டது போலக் கிழிந்திருந்தது. மூடி பொருந்தும் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு. உள்ளே இருந்த செம்பு நிற முனைகளில் புளி போட்டுத் தேய்க்காத பழைய குத்துவிளக்கில் படிவது போன்ற பச்சைக் களிம்பு. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடுவானாம். திறப்பதும் மூடுவதுமாக ஏழு மாதம். கையில் உப்பு, மூடியில் உப்பு.

சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த சிறு வெள்ளை வில்லை சிவப்பாக மாறியிருந்தது. ஈரம் பட்டதற்கு அடையாளம் அது. "தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டியில் வராது" என்றார் அங்கிருந்த இளைஞர். "தண்ணீர் புகாத போன் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?" என்று தம்பி கேட்டான். அவரிடம் பதில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த வாரண்டி அட்டையை அன்றிரவு படித்தபோதுதான் கோபம் வந்தது. தண்ணீரால் வரும் பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. வெளியே அருவி, உள்ளே இந்த வரி. உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கொடுப்பவனுக்குக் கடையில் காட்டப்பட்டது அருவி மட்டும்தான்.

அதனால் அந்த எண்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று எழுதிவிடுகிறேன். வாங்கப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

அறுபத்தெட்டு என்று சேர்த்துப் படிப்பதே முதல் பிழை. ஆறு தனி, எட்டு தனி. இது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையில் வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, 0 முதல் 6 வரை. 6 என்றால், மாவு போன்ற நுண்தூசி பறக்கும் பெட்டிக்குள் வைத்தும் உள்ளே தூசி புகவில்லை என்று பொருள். மாவு மில், கல்குவாரி, சிமெண்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இலக்கம்தான் முக்கியம். அதைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதே இல்லை.

இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எட்டுக்கு இப்படி ஒரே அளவு கிடையாது. ஏழைவிடக் கடுமையான சோதனையாக இருக்க வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசைக்கு அது 1.5 மீட்டர், 30 நிமிடம். ஐபோன் 12-க்கு 6 மீட்டர், 30 நிமிடம். இரண்டின் மேலும் இருப்பது அதே ஐபி 68 தான். ஆகவே 68 என்ற எண்ணை மட்டும் காட்டி, மீட்டரையும் நிமிடத்தையும் சொல்லாத பெட்டி பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

69கே இன்னும் குழப்பமானது. 69 பெரிய எண், அதற்குள் 68 அடக்கம் என்றுதான் தம்பியும் நினைத்திருந்தான். அப்படி இல்லை. இது ஜெர்மனியில் சாலை வாகனங்களுக்காகப் பிறந்த சோதனை. 80 டிகிரி வெந்நீரை, 80 முதல் 100 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 முதல் 100 மடங்கு), ஒரு சாண் தூரம்கூட இல்லாத நெருக்கத்தில், நான்கு கோணங்களில், கோணத்துக்கு 30 வினாடி பீய்ச்சுவார்கள். மொத்தம் 2 நிமிடம். பீய்ச்சுவது வேறு, மூழ்குவது வேறு. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறும் என்று தரநிலை சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு சோதனைகளிலும் தேறிய போனில் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் போடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவை சுத்தமான நல்ல தண்ணீரில், புத்தம் புதிய போனில், எல்லா மூடிகளையும் இறுக மூடிவைத்துச் செய்யும் சோதனைகள். உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், சோப்பு நுரை எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரிக்குள் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் தொடும் தண்ணீர் இந்த எண்களின் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் பெரியப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கத்தில் அவருக்கு நிலம். போன மே மாதம், கத்திரி வெயிலில், மோட்டாரைப் பார்க்கக் கிணற்றுக்குள் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் உள்ளே விழுந்துவிட்டது. அதுவும் ஐபி 68. கோடையில் கிணற்றில் ஐந்தடித் தண்ணீர்கூட இல்லை. பத்தே நிமிடத்தில் ஆளை இறக்கி எடுத்துவிட்டார்கள். போன் செத்துப்போயிருந்தது. "ஐந்தடியில் அரை மணி நேரம் தாங்கும் என்றானே, பத்து நிமிடத்தில் ஏனம்மா போயிற்று?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் வகுப்பில் நடத்தும் பாடமே அதற்குப் பதில்.

சோதனைச் சாலையில் போனைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கிவைப்பார்கள். பெரியப்பாவின் போன் இருபதடி உயரத்திலிருந்து விழுந்தது. அந்த உயரத்திலிருந்து வரும் பொருள் நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் தண்ணீரில் மோதும். அந்த வேகம் உண்டாக்கும் அழுத்தத்தைக் கணக்கிட்டால், அது விழுந்த உயரத்தின் அளவுக்கே ஆழத்தில் இருப்பதற்குச் சமமாக வரும். இருபதடியிலிருந்து விழுந்தால், மோதும் அந்தக் கணத்தில் ஏறத்தாழ இருபதடி ஆழத்து அழுத்தம். ஐந்தடிக்குச் சோதித்த ரப்பர் வளையம் அங்கேயே விலகியிருக்கலாம்.

அடுத்தது சூடு. 7-ஆம் இலக்கத்துக்கான சோதனையில், தண்ணீரின் வெப்பத்துக்கும் பொருளின் வெப்பத்துக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். வரப்பில் வெயில்பட வைத்திருந்த போன் 50 டிகிரிக்குப் போயிருந்து, 28 டிகிரிக் கிணற்றுத் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் மட்டுமே சுமார் 70 சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்துக்குச் சமமான உறிஞ்சலை உண்டாக்கும். சூடான பாத்திரத்தை ஈரத் தரையில் கவிழ்த்தால் தரையைக் கவ்விக்கொள்கிறதே, அதே வேலைதான். சந்து கிடைத்த இடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரியப்பாவின் போனில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

மூன்றாவது முத்திரை, மில்-எஸ்டிடி-810எச். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைத் தொகுத்த ஆவணம் அது. அதில் பல சோதனைகள் உண்டு. எவற்றைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ராணுவம் எந்தப் போனுக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. 1.22 மீட்டரிலிருந்து 26 முறை கீழே போடுவது அதில் ஒன்று. அந்த 26 முறையையும் ஐந்து போன்கள் வரை பிரித்துப் போட்டுக்கொள்ளவும் இடமுண்டு.

விளம்பரம் ஒன்று, நடைமுறை ஒன்று என்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று நம்பும்படி கேலக்ஸி போன்களை விளம்பரப்படுத்தியதற்காக, ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரமான சார்ஜ் துளை அரித்துப்போவதுதான் அந்த வழக்கின் மையம். தம்பியின் போனில் நான் பார்த்ததும் அதுவே. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஐபோன் விளம்பரங்களுக்காக ஆப்பிள் மீது 1 கோடி யூரோ அபராதம் போட்டது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டு, தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்று மறுப்பது அங்கே குற்றமாகப் பார்க்கப்பட்டது. இங்கேயும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் பைக் ஓட்டுபவருக்கும் கழனியில் நிற்பவருக்கும் இந்த வகைப் போன் சாதாரணப் போனைவிட நிச்சயம் நன்றாக உழைக்கும். ஆனால் வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், தண்ணீர் புகுந்தால் வாரண்டி உண்டா? மூன்றாவதற்கு வாய்வார்த்தை போதாது, அட்டையில் காட்டச் சொல்லுங்கள். உப்போ சுண்ணாம்போ பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். டிஸ்ப்ளே மாற்றக் கழற்றிய போனில் கம்பெனி ஒட்டிய பசை போய்விடும். அதன்பின் பெட்டியில் உள்ள எண்ணை நம்ப முடியாது. அரிசிப் பானையில் புதைத்து வைப்பதையும் விட்டுவிடுங்கள், அரிசித் தூசிதான் துளைக்குள் சேரும்.

தம்பி பெட்டியைத் தூக்கிப் போடப் பார்த்தான். நான் விடவில்லை. அருவிப் படத்தையும் வாரண்டி அட்டையின் அந்த ஒரு வரியையும் ஒரே தாளில் நகலெடுத்து, பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியாயிற்று. திங்கட்கிழமை தம்பி அரை நாள் விடுப்பு போடுகிறான். இருவரும் போகிறோம்.