பொழுதோட

போன வாரம் என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த பெண்கள், 38 பேர். டிசம்பரில் எல்லோரும் சந்திக்க வேண்டுமாம், ஒரே நிறத்தில் புடவை எடுக்க வேண்டுமாம். நான் உள்ளே போய் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருத்தி எழுதினாள்: "ஏய் பொழுதோட! உயிரோடதான் இருக்கியா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

மதியம் மூன்று மணி, அலுவலகத்தில் இருந்தேன். எனக்கு 43 வயது. என்னிடம் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கை சில்லிட்டுப் போய்விட்டது.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வங்கி வேலை. 1994ல் பொள்ளாச்சியிலிருந்து விருதுநகர் பக்கம் ஓர் ஊருக்கு மாற்றலானார். அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு சேர்ந்தேன். முதல் வாரத்தில் ஒருத்தி கணக்கு நோட்டு கேட்டாள். "பொழுதோட கொண்டாந்து தர்றனுங்" என்றேன். எங்கள் பக்கம் பொழுதோட என்றால் சாயங்காலம். கூடப் படிக்கிறவளிடம் "ங்" போட்டுப் பேசியது வேறு. வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பட்டப்பெயர் யாருக்குத்தான் இல்லை? அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனது வேறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வேப்ப மரத்தடியில் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். அவரவர் டப்பா மூடியில் கொஞ்சம் வைத்துச் சுற்றுக்கு விடுவோம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் வட்டத்தில் இடம் இல்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. யாரும் நகரவில்லை, அவ்வளவுதான். முழங்காலோடு முழங்கால் ஒட்டியபடி பேசிக்கொண்டே இருந்தார்கள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்புறம் குழாயடிப் பக்கம் போய்ச் சாப்பிட்டேன். அந்த வருடம் முழுப் பரீட்சை வரைக்கும் அதே குழாயடிதான்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சண்டை போடத் தெரியாமலா இருந்தது? 'காய்' என்று ஒரு அருமையான ஏற்பாடு இருந்தது. சுண்டுவிரலை நீட்டினால் காய், இரண்டு விரலை நீட்டினால் பழம். காய் விட்டவள் எதற்காக விட்டாள் என்பது ஊருக்கே தெரியும். பென்சில் தரவில்லை, டீச்சரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள், இப்படி ஏதோ ஒன்று. நடுவில் ஒரு தூதுவர் இருப்பாள், "காயா பழமா?" என்று கேட்பாள். அழுவோம், மூன்றாம் நாள் பழம். எனக்கு யாரும் காய் விடவில்லை. விட்டிருந்தால் பழம் கேட்டிருப்பேன். சண்டையே இல்லாத இடத்தில் எதைச் சொல்லிச் சமாதானம் கேட்பது?

அம்மாவிடம் சொன்னேன். "அடிச்சாங்களா?" இல்லை. "திட்டினாங்களா?" இல்லை. "அப்புறம் என்ன கண்ணு, நீ உன் படிப்பைப் பாரு." அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், கேட்கத் தெரிந்த கேள்விகள் அவ்வளவுதான். டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். மற்ற ஏழு பேரையும் எழுப்பி நிறுத்தி எனக்குக் கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து நான் பக்கத்தில் வந்தாலே கையை நீட்டிவிட்டுச் சிரிப்பார்கள்.

இதைக் கொடுமை என்று சொல்ல நம்மிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. ராகிங் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1996ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டு, 1997ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்து, அதற்கப்புறம் தெரிந்தது. ரத்தம் வந்தால்தான் பெயர் வைக்கிறோம். வட்டத்தில் இடம் விடாமல் உட்காருவதை எந்தப் பிரிவில் எழுதுவார்கள்?

ஃபின்லாந்தில் 1988ல் சில ஆய்வாளர்கள் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொருத்தரும் கோபம் வந்தால் என்ன செய்வார்கள் என்று கூடப் படிக்கிற பிள்ளைகளையே சொல்ல வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவது, பழிவாங்கவென்றே வேறொருத்தியோடு சேர்ந்துகொள்வது, எல்லாம் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாக வந்தது. உடனே "பார்த்தியா, பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி" என்று கமெண்டில் வராதீர்கள். 2008ல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இந்த விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் அற்பம் என்றார்கள். ஆண் பிள்ளைகளும் செய்கிறார்கள், கூடவே அடிக்கவும் செய்கிறார்கள், அடி மட்டும் நம் கண்ணில் படுகிறது.

இன்னொரு ஆய்வு, 2003. கணினியில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுகிற மாதிரி ஒரு விளையாட்டு. கொஞ்ச நேரம் கழித்து மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இருவரும் நிஜ ஆட்களே இல்லை, வெறும் நிரல். அப்போது மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் வலி வரும்போது வேலை செய்கிற பகுதி ஒன்று அங்கேயும் வேலை செய்தது. படித்ததும் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத கணினி பந்து போடாததற்கே இந்த வலி என்றால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைத் திருப்பினால்?

"சின்னப் பிள்ளைங்கதானே, வளர்ந்தா மறந்துடும்" என்பார்கள். பிரிட்டனில் 1958ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் மற்ற பிள்ளைகள் அவர்களைக் கொடுமைப்படுத்தினார்களா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். அதில் 7,771 பேரைப் பற்றி 2014ல் ஒரு கட்டுரை வந்தது. அடிக்கடி அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களிடம் 50 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன, சாய்ந்துகொள்ள ஆட்கள் குறைவாக இருந்தார்கள். ஐம்பது வயது! எனக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

என்னிடம் மிச்சமிருப்பது இதுதான். அலுவலகத்தில் நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போனால் நான் கணினியை முறைத்துக்கொண்டு இருப்பேன், கூப்பிடுகிறார்களா என்று காது மட்டும் அங்கேயே இருக்கும். கூப்பிட்டால், கடமைக்குக் கூப்பிட்டார்களோ என்று யோசிப்பேன். யாராவது இரண்டு நாள் பேசவில்லை என்றால் கடைசியாக நான் அனுப்பியதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்து அதில் என் தப்பைத் தேடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களை வயிறு வெடிக்கச் சாப்பிட வைப்பேன். "ஏன்மா எல்லாருக்கும் ஸாரி சொல்ற?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்குப் பதினொரு வயது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி, இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று. அவளுக்கு அது எரிச்சல்.

ஆனால் எனக்குப் பெரிய நஷ்டம் என் பேச்சு. அந்த ஒரே வருடத்தில் "ங்" போய்விட்டது, பொழுதோட போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று அந்த ஊர்ப் பேச்சைப் பழகினேன். அதுவும் முழுசாக வரவில்லை. லீவுக்குப் பொள்ளாச்சி போனபோது பாட்டி, எங்கள் பேச்சில் அம்முச்சி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீ பேசறது ரேடியோப் பொட்டியாட்டம் இருக்குது கண்ணு." அம்முச்சி போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. அவர் பேச்சில் அவரிடம் கடைசியாக எப்போது பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

எட்டாம் வகுப்பில் எனக்கு இடம் திரும்பக் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்றும் தெரியாது. பத்தாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாக வந்தாள், விடுதிப் பிள்ளை. எந்த விடுதி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் டப்பாவோடு வந்து நின்றாள். நான் பாவாடையை இழுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். நான் பேச்சை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தவள். அவள் எதை மாற்றிக்கொண்டு வர முடியும்?

குழுவில் இருக்கும் 38 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவள் இல்லை. அவள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன்.

"உயிரோடதான் இருக்கியா?" என்றவளுக்கு மூன்று சிரிப்புப் பொம்மைகள் போட்டேன்.