பெயரில் குளிர் இருந்தால் போதுமா?

மேலே ஒரு நண்பர், "குளிர்காலக் கோதுமை என்றால் குளிர்காலத்தில் விதைப்பது, காலபோகத்தோடு (மாரிப் பயிர்ப்பருவத்தோடு) இலங்கையின் வன்னியிலும் போடலாம்" என்று எழுதியிருக்கிறார். முதற்பாதியே பிழை. குளிர்காலக் கோதுமை, வசந்தகாலக் கோதுமை என்ற பிரிவு விதைக்கும் மாதத்தை வைத்தல்ல, மரபணுவை வைத்து. இந்தியப் பஞ்சாபில் நவம்பரில் விதைக்கிறார்கள். ஆனால் அது மரபணுப்படி வசந்தகாலக் கோதுமை.

குளிர்கால இனத்தில் வி.ஆர்.என்-2 என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைத்திருக்கிறது. பூச்சியத்துக்குச் சற்று மேலான குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் வி.ஆர்.என்-1 என்ற இன்னொரு மரபணு மெல்ல விழித்து அந்தத் தடையை நீக்கும். வசந்தகால இனத்தில் வி.ஆர்.என்-1 இன் முன்பகுதியோ உட்பகுதியோ மாறியிருப்பதால், அது குளிருக்குக் காத்திராமல் இயங்குகிறது. ரொட்டிக் கோதுமையில் இந்த மரபணு 5ஏ, 5பி, 5டி என மூன்று நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) இருக்கிறது. ஒன்றில் அப்படி மாறியிருந்தாலே போதும்.

உறவினர் தந்த ஒரு கைப்பிடி குளிர்கால விதையைக் கிளிநொச்சியில் கிணற்றடியில் நானும் போட்டுப் பார்த்தேன். மட்டம் வெடித்தது (பக்கத் தண்டுகள் விட்டது), புல்லாய் அடர்ந்தது; மாசி முடிந்தும் ஒரு குடலைகூட (வெளிவராத இளங்கதிர்கூட) இல்லை. கடைசியில் ஆடு தின்றது. நமது மார்கழிப் பனிக்கு நாம் போர்வை தேடலாம்; அந்தப் பயிருக்கு அது குளிரே அல்ல.

முளைகட்டிய விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அறுவடை செய்த விதையை மறுபடியும் குளிரூட்டத்தான் வேண்டும். குளிரூட்டியதன் பயன் அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும் என்று சோவியத் ஒன்றியத்தில் வேளாண் ஆய்வாளர் லைசென்கோ அடித்துச் சொன்னது பொய்த்துப்போன கதை.