அந்த முகத்தில் கை வைக்காதீர்கள்

அந்த "முன் – பின்" படத்தை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக டைம்லைன் முழுக்க அதுதான் ஓடுகிறது. யார் போட்டது, எந்தக் குழுவில் போட்டது என்றெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. அமெரிக்கப் பாடகி பியான்ஸேயின் 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' காணொளியிலிருந்து ஒரு பெண்ணின் க்ளோசப்பை ஒருவர் எடுத்து, முகத்தை இரண்டு ஸ்டாப் தூக்கி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அசலைப் பக்கத்தில் வைத்து, "இப்பத்தான் முகமே தெரியுது, இதுதான் டி.ஐ." என்று எழுதியிருந்தார். டி.ஐ. என்றால் எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் திருத்தும் வேலை. கீழே ஒரே கைதட்டல்.

கறுப்புத் தோலைக் கொண்டாடுவதற்கென்றே எழுதிய பாட்டு அது. அதில் வரும் பெண்ணின் தோலை வெளுத்துவிட்டு "சரி செய்துவிட்டேன்" என்கிறார். கோபத்தைவிட எனக்கு வருத்தம்தான் அதிகம். போட்டவர் வேலை தெரியாதவர் இல்லை, ஸ்கோப் என்கிற அளவுக் கருவியைப் பார்த்து நிறத்தை கிரேடு பண்ணத் தெரிந்தவர். அவர் மொழியிலேயே பேசலாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளைத் தோலின் வெளிச்சப் பக்கத்தை 65, 70 ஐ.ஆர்.இ.யில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு; 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை) நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆழ்ந்த கறுப்புத் தோல் சுமாராக 30-க்கும் 45-க்கும் நடுவில் நின்றாலே சரியான எக்ஸ்போஷர். அங்கேதான் அந்தத் தோல் இருக்கிறது. அதைப் பிடித்து 65-க்கு இழுத்தால் என்ன ஆகும்? யூடியூபிலிருந்து இறக்கிய ஃபைல் 8 பிட், ஏற்கெனவே அமுக்கப்பட்டது. இருட்டுப் பகுதியில் இருக்கிற தகவலே கொஞ்சம். அதை இழுத்தால் கன்னத்தில் கட்டம் கட்டமாக உடையும், நெற்றியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கறுப்பு மேலே வர வர நிறச் செறிவு இறங்கி, தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் "பின்" படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மூன்றும் இருக்கிறது. அசலில் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் சின்னதாக ஒரு பளபளப்பு இருந்ததே, முகத்துக்கு வடிவம் கொடுத்தது அதுதான். அது இப்போது இல்லை. முகம் தெரிகிறது என்கிறீர்கள். எனக்குத் தட்டையான ஒரு சாம்பல் பரப்புதான் தெரிகிறது.

நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே சாய்ந்து போகும் தோல் கோட்டைத் தினமும் பார்க்கிறவர்தானே அவர். உலகத்தில் எந்த மனிதத் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுவது வெளிச்சமும் செறிவும். அசல் ஃபிரேமை ஸ்கோப்பில் போட்டால் அதே கோட்டில் அழகாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் எதைச் சரி செய்தார்?

இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் விளக்கைக் கூட்டுவதில்லை. கறுப்புத் தோல் ஒளியை நிறைய உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் மேற்பரப்பில் அருமையாகப் பிரதிபலிக்கும். அதனால் அது பிரதிபலிக்கிற மாதிரி ஒரு பெரிய வெள்ளைப் பரப்பைப் பக்கவாட்டில் கொடுப்பார்கள். நம் யூனிட்டில் தெர்மாகோல் பிடிப்பதில்லையா, அதேதான். நாலுக்கு எட்டு அடி வெள்ளை போர்டோ மஸ்லின் துணியோ வைத்து அதில் விளக்கை அடிப்பார்கள். 'இன்செக்யூர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்காஃப்ஸ்கி இதை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார்: முகத்துக்கு மாய்ஸ்சரைசர், விளக்குக்கு வெள்ளை போர்டு, லென்ஸில் போலரைசர் என்ற ஃபில்டர். போலரைசரைத் திருப்பத் திருப்பத் தோலில் விழும் பளபளப்பு கூடும், குறையும். அளவு கையில் இருக்கிறது. இது தெரியாமல் டச்சப்காரர் வந்து பவுடரை அப்பினால் பிரதிபலிப்பு செத்துவிடும். பிறகு எவ்வளவு விளக்கு போட்டாலும் அதே சாம்பல்தான். பின்னால் இருட்டு இருந்தால் கறுப்பு முடி அதோடு கலந்து போகும், தலையின் உருவமே காணாமல் போகும். ஒரு பேக் லைட்டோ வெளிர் நிறச் சுவரோ கொடுத்தால் முடி தனியாக எழுந்து நிற்கும்.

இந்த அறிவு சும்மா வந்ததா? ஐம்பதுகளிலிருந்து கோடாக் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். ஷர்லி கார்டு என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் சேர்ந்து நின்ற பள்ளிப் படங்களில் கறுப்புக் குழந்தைக்குப் பல்லும் கண்ணும்தான் விழுந்தன. இதை ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார்: எழுபதுகளில் ஃபிலிமில் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று கம்பெனியை அசைத்தவர்கள் மரச் சாமான் விற்றவர்களும் சாக்லேட் விற்றவர்களும். நாற்காலிக்காகச் செய்தார்கள். மனுஷிக்காகச் செய்யவில்லை. இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது, ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் அவள் நிறத்திலேயே திரையில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த முகத்தில் கை வைக்காதீர்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.

"பாட்டு வரியில், போட்ட உடையில்தான் பெண் விடுதலை இருக்கு, கேமராவில் என்ன இருக்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேமராவில்தான் இருக்கிறது ஐயா.

1997-இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'தி ரெயின்'. இயக்கம் ஹைப் வில்லியம்ஸ். ஃபிஷ் ஐ லென்ஸ். அந்த லென்ஸ் நடுவில், கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, ஓரத்தையெல்லாம் வளைத்து விலக்கிவிடும். பெரிய உடம்புள்ள பெண்ணை எடுக்கும்போது ஒளிப்பதிவாளர்கள் வழக்கமாகச் செய்வது நேர் எதிர்: நீள லென்ஸ் போடு, முக்கால் பக்கமாகத் திருப்பு, கறுப்புத் துணியால் ஒளியை வெட்டி ஒல்லியாக்கு. இங்கே ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்த, காற்றடித்து ஊதிய பளபளக்கும் கறுப்பு உடையை மாட்டி, அந்த லென்ஸின் நட்ட நடுவில் மிஸ்ஸி நிற்கிறார். ஃபிரேமே அவரைச் சுற்றி வளைகிறது. "உடம்பைக் காட்டி ஆடுவதா விடுதலை" என்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அவர்களுக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

2016 பிப்ரவரியில் பியான்ஸேயின் 'ஃபார்மேஷன்'. இயக்கியவர் மெலினா மட்சூகாஸ், ஒளிப்பதிவு மாலிக் சயீத். வெள்ளத்தில் பாதி மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் கார், கூரை மேல் பியான்ஸே. 2005 கத்ரீனா புயலில் அந்த ஊரில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீருக்குள் போனது. மெருகான சினிமா ஃபிரேமுக்கு நடுவே வீடியோ கேமரா சாயலில் தெருக் காட்சிகள், அந்த ஊரின் பவுன்ஸ் இசை பற்றிய ஆவணப்படத் துணுக்குகள். இரண்டும் மாறி மாறி வரும்போது, ஆடம்பரமாகத் தெரிவதெல்லாம் அந்தத் தெருவின் மேல்தான் நிற்கிறது என்று கண்ணுக்கே புரிந்துவிடும். பண்ணை முதலாளி வீடு மாதிரியான மாளிகைக்குள் கறுப்பினப் பெண்கள் லேஸ் கவுனும் விசிறியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காக லென்ஸை அவர்கள் கண் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறக்கினால் போதும். ஒரு அடி மேலே தூக்கினால் அதே பார்வை கெஞ்சலாகிவிடும்.

பியான்ஸேயின் தங்கை, பாடகி சோலாஞ்சின் 'டோன்ட் டச் மை ஹேர்', அதே வருடம். பின்னலில் கோத்த மணிகள் மெதுவாக ஆடும். பாடிக்கொண்டே ஸ்லோ மோஷன் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நொடிக்கு 48 ஃபிரேமில் எடுப்பதென்றால் செட்டில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும், பாடுகிறவர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும், அப்போதுதான் 24-இல் ஓட்டும்போது உதடு ஒட்டும். ஃபிரேம் இரட்டித்தால் ஒளி ஒரு ஸ்டாப் குறையும். அதை ஈடுகட்ட மறந்தால் வெள்ளை முகம் எப்படியோ தப்பிக்கும், கறுப்பு முகம் நாய்ஸில், புள்ளி புள்ளியான இரைச்சலில், விழும். அந்த மணியும் அந்த முடியும் அவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர் மீட்டரை வைத்து அந்தப் பெண்ணின் தோலுக்காக அளந்திருக்கிறார். மரியாதை என்பது அந்த அளவில் இருக்கிறது.

2018-இல் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் பியான்ஸேயும் அவர் கணவர், ராப் பாடகர் ஜே ஸீயும் எடுத்த காணொளி. அங்கே இருக்கும் நெப்போலியன் முடிசூட்டு ஓவியம் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். அதற்கு முன்னால் கறுப்பினப் பெண்கள் கைகோத்து வரிசையாக நின்று ஆடுகிறார்கள். அதே காணொளியில் பெனுவா என்ற பெண் ஓவியர் 1800-இல் வரைந்த கறுப்பினப் பெண்ணின் ஓவியமும் வருகிறது. அவள் பெயர் மதலேன் என்று ஓவியத்தின் தலைப்பிலேயே போட 2019 வரை ஆனது.

இனி வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "பியான்ஸே கோடீஸ்வரி, எல்லாம் வியாபாரம்." ஒப்புக்கொள்கிறேன். பியான்ஸேயின் 'லெமனேட்' ஆல்பம் வந்தபோது பெல் ஹூக்ஸே அப்படித்தான் எழுதினார், கறுப்புப் பெண்ணியத்தின் மூத்த குரலாக இருந்தவர் அவர். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் சொன்னதை எடுத்துவந்து இந்த "பின்" படத்துக்கு முட்டுக்கொடுக்காதீர்கள். அவர் யார் முகத்தையும் வெளுக்கச் சொல்லவில்லை. கத்ரீனாவின் துயரத்தைப் பாட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று நியூ ஆர்லியன்ஸ்காரர்களே சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சும்மா ஒரு டெமோதானே" என்பவர்களுக்கு: டெமோவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

"அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்காக உனக்கென்ன இவ்வளவு வலிக்குது?" இதைக் கேட்டவரிடம்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஜென் ன்கிரு இயக்கிய அதே 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' காணொளியில், மாடல் நவோமி கேம்ப்பெல், நடிகை லுபிடா ந்யோங்கோ வரும் அதே காணொளியில், ஷீரா ரவீந்திரன் இருக்கிறார். தமிழ் மாடல். நம் தோல். அது வெளிவந்தது 2020 ஆகஸ்டில். 'ஃபேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நம் ஊர் க்ரீம் கழற்றியதும் அதே வருடம்தான். பெயரைக் கழற்றியாச்சு, பேச்சைக் கழற்றவில்லை. "பொண்ணு நல்ல கலரா இருக்கா" என்றால் எந்தக் கலர் என்று யாரும் கேட்பதில்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த "இருந்தாலும்" இருக்கிறதே, எத்தனை பெண் பிள்ளைகள் அதை விழுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். ஃபோனை முகத்துக்கு நேரே தூக்கினால் கேட்காமலே இரண்டு படி வெளுத்துக் காட்டுகிறது, நாமும் அதையே டி.பி. வைக்கிறோம். அந்தப் "பின்" படமும் அதே "இருந்தாலும்"தான், மவுஸைப் பிடித்துச் செய்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் என் நிறம், உங்கள் நிறம். அதுதான் தாங்கவில்லை.

படம் போட்ட தம்பிக்கு ஒன்றே ஒன்று. அந்த ப்ராஜெக்ட் இன்னும் உங்கள் எடிட்டிங் டைம்லைனில் இருக்கும். நீங்கள் போட்ட திருத்தத்தின் நோடை அணைத்துவிட்டு, அறை விளக்கையும் அணைத்துவிட்டு, அசலை முழுத் திரையில் போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். பளபளப்பு எங்கெங்கே விழுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நெற்றியோரத்தில் முடி எப்படிப் பிரிந்து நிற்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு குழுவில் அந்த "பின்"னை எடுத்துவிட்டு அசலை மட்டும் போடுங்கள்.