நீக்குமுன் ஒரு வரி எழுதுங்கள்

மூன்று வாரத்துக்கு முன் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு புதியவர் எழுதிய பத்தியை நான் நீக்கினேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றைப் பற்றியது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்க, மணியடிக்கும் நேரம், கித்தாப் பாலை (ரப்பர் பாலை) நிறுத்த இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்த திசை. அங்கே வாழ்ந்தவரால்தான் அப்படி எழுத முடியும். ஆனால் தகவலுக்கு ஆதாரம் காட்டும் மேற்கோள் ஒன்றும் இல்லை. விதிப்படி நான் செய்தது சரிதான். காரணம் எழுதாமல் போனதுதான் தப்பு. அவர் திரும்பி வரவே இல்லை.

எனக்கு ஆனது ஒரு சொடுக்கு. அவருக்கு ஒரு சாயங்காலமே போயிருக்கும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! மரத்தடியில் குரல் உயரத்தான் செய்யும். ஜொகூர் மாநிலத்தின் பெயரில் 'ஜ' என்ற கிரந்த எழுத்து வரலாமா என்று விடிய விடிய வாதாடட்டும், நிர்வாகிகளே, அதற்கெல்லாம் பூட்டுப் போடாதீர்கள். சாதியைச் சொல்லி ஏசுவது, ஒரு பெண்ணின் வீட்டு விவரத்தை இழுப்பது, இவை வேறு. அங்கே யோசிக்கவே வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் செய்த திருத்தத்தை ரத்து செய்தால் தடை விழலாம். பக்கத்தைப் பூட்டவும் ஆளைத் தடுக்கவும் முடிந்த நிர்வாகியே ஒரு தரப்பாக இருக்கும் சச்சரவில் அவர் தன் அதிகாரத்தைத் தொடக்கூடாது என்ற விதியும் உண்டு. இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கோயில் திடலில் பார்த்திருக்கிறேன். லயத்துச் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) சண்டை விசாரணைக்கு வரும்போது அதில் தன் சொந்தக்காரர் இருந்தால் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, கூட்டத்தோடு போய் நின்றுகொள்வார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் தீர்ப்பு எதிராக வந்தவனும் மறுநாள் வேலைக்காட்டில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினான். விக்கிப்பீடியாவில் நம்மிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் எழுதவில்லை. மனம் வெறுத்தால் சொல்லாமல் போய்விடுவார்கள்.

எழுத்தைப் பார்த்தால் அந்தப் புதியவர் வயதில் மூத்தவர் என்று தெரிகிறது. அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்தில் இன்று காலை எழுதினேன்: "ஐயா, உங்கள் பத்தியை நீக்கியது நான்தான். காரணம் சொல்லாமல் போனதற்கு மன்னியுங்கள். நீங்கள் எழுதியது, பழைய பதிப்புகளைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. தோட்டத்துக் கோயில் வெளியிட்ட சிறப்பு மலரோ, தமிழ்ப்பள்ளி மலரோ கையில் இருந்தால் சொல்லுங்கள். மேற்கோள் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்."